கேட்காமல் இறங்கிய விலை

குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. லாட்ஜின் மாடி அறைக்கு ஈரத் தலையோடு வந்த மற்ற குடும்பங்கள் போய்விட்டன. நானும் என் மகள் வேல்விழியும் மட்டும் முத்துராஜின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். விமானிப் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கு ஆள் சேர்ப்பவர். சட்டையின் தோளில் விமானிகளுக்குப்போல நான்கு தங்கக் கோடுகள். விமானம் ஓட்டியிருக்கிறாரா என்று கேட்டேன்.

"நமக்கு கவுன்சலிங் லைன், அண்ணாச்சி."

மூன்று வழிகளைத் தாளில் எழுதிக் காட்டினார். விமான நிறுவனமே எடுத்துப் பழக்குவதற்குக் கோடிக்கு மேல் ஆகும். வெளிநாடு போனால் ஒரு வருடத்தில் முடியும், ஆனால் திரும்பி வந்து உரிமத்தை மாற்றப் பரீட்சை எழுத வேண்டும். மூன்றாவது அவர் பள்ளி. இருநூறு மணி நேரம் பறக்க ஐம்பத்தெட்டு லட்சம், ஒன்றரை வருடம்.

"முடிச்ச ஒடனே வேலையா?" என்றேன்.

"பெரிய விமானத்துக்குத் தனிப் பயிற்சி ஒண்ணு உண்டு. அது ஒரு இருபது ஆகும். அப்புறம் வேலைதான்."

அந்த இருபது தாளில் இல்லை.

எனக்குப் புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடையும் இரண்டு ஏக்கர் தோப்பும் இருக்கின்றன. தோப்பை விற்றால்தான் இந்தப் பேச்சே. இன்றைக்கு இரண்டு லட்சம் முன்பணம் கேட்டார். செக் புத்தகம் என் பையில் இருந்தது. அது வேல்விழிக்கும் தெரியும்.

நான் பேசவில்லை. முப்பது வருடத்தில் மண்டியில் நான் கற்றது அது ஒன்றுதான். விலை சொன்னவனுக்கு எதிரே சும்மா இருப்பது. சரக்கு நல்லதாக இருந்தால் அவனும் சும்மா இருப்பான்.

கீழே எண்ணெய் தேய்ப்பவர் யாருடைய முதுகிலோ தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கே கட்டினா அம்பத்தஞ்சு" என்றார் முத்துராஜ்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மெடிக்கல் டெஸ்ட் எல்லாம் சேந்த பொறவு எடுத்துக்கிடலாம். பாப்பாவுக்காக அம்பது."

கேட்காமலேயே எட்டு லட்சம் இறங்கிவிட்டது. மழையில் நனைந்த பழம்தான் இப்படி இறங்கும். மறுநாள் அழுகல் நாற்றத்தில் சாக்கைத் திறக்க முடியாது.

வேல்விழி நோட்டைத் திறந்தாள். "சார், ஒங்க ஸ்கூல்ல பிளேன் எத்தனை?"

"ஆறு."

"இப்ப பறக்கது?"

"ரெண்டு சர்வீஸ்ல நிக்கி. ஒண்ணுக்கு பார்ட்ஸ் வரணும்."

"அப்ப மூணு. பிள்ளைய எத்தனை?"

"தொண்ணூறு இருக்கும்."

"ஒரு பிளேனுக்கு முப்பது பேரு, ஆளுக்கு இருநூறுன்னா ஆறாயிரம் மணி நேரம். ஒன்றரை வருசத்துல முடிக்கணும்னா மழை, காத்து பாக்காம தெனமும் பதினோரு மணி நேரம் பறக்கணும் சார்."

"பாப்பா நல்லா கணக்கு போடுதே!" என்று சிரித்தார்.

"என் கண்ணு மெடிக்கல்ல தேறலன்னா முன்பணத்தைத் திருப்பித் தருவியளா?"

அவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். வேல்விழி நோட்டை மூடினாள்.

செக் எழுதாமல் கிளம்பினோம்; தென்காசி பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பிறகு, "ஒங்களுக்கு சந்தோசந்தானப்பா?" என்றாள்.

அவள் எண்ணிக்கை கேட்கக் கேட்க என் நெஞ்சு லேசானது உண்மை. தோப்பு பிழைத்தது என்று நினைத்தேன். அதைப் பார்த்திருக்கிறாள். டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

"மண்டியில இருக்க மாதிரியே சும்மா இருக்கியள. என் ஆசையும் வெல எறங்கட்டும்னா?"

இலஞ்சி தாண்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த மௌனத்தில் எனக்கு எதுவும் கிடைக்கப் போவதில்லை.

"மெடிக்கலுக்குத் தேதி கேளுட்டி. அது தேறட்டும். பள்ளிக்கூடம் வேற பாப்போம்."

"தோப்பு?"

"தேறினா விக்கத்தான் செய்யணும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள், அடிச்சாக்கிலிருந்து எடுத்த பழத்தைப் பார்ப்பதுபோல. நம்பியதாகத் தெரியவில்லை. மெடிக்கல் பார்க்கும் சென்னை டாக்டருக்குத் தேதி கேட்டு ஒரு மெசேஜ் அடித்து, அனுப்பாமல் போனை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே அமுக்குங்க."

அமுக்கினேன்.