மேடைக்குப் போன டேப்

பாதுகாப்பு வாரத்தின் கடைசி நாளன்று, பாதுகாப்புக்கென்று வைத்திருந்த சாமான் ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை. காட்டுக்குள் சிக்கிக்கொண்ட மரத்தைக் கம்பிவடம் போட்டு இழுக்கிற டிராக்டர், விழாவுக்கு நாற்காலி ஏற்றிவரப் போயிருந்தது. ஆட்களுக்குத் தர வேண்டிய புதுத் தலைக்கவசங்கள் மேடையில் வரிசையாக உட்கார்ந்து போட்டோவுக்குக் காத்திருந்தன. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட எச்சரிக்கை டேப், ஸ்டோரில் இருந்த ஆறு சுருளும், கூடாரத்துக் கால்களைச் சுற்றிக்கொண்டு, மேடை முகப்பில் வளைந்து வளைந்து ஓடி, நடுவில் பூ மாதிரி ஒரு முடிச்சு வேறு போட்டுக்கொண்டு தொங்கியது.

அந்தப் பூவைப் பார்த்ததும் நம்பரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெட்டிக் கிளை கழித்த கட்டைகளுக்குப் பெயிண்டில் எண் போடுவது அவள் வேலை. பதினாறு வருடமாகப் போடுகிறாள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது; மற்றபடி மேனேஜரிலிருந்து லாரி டிரைவர்வரை எல்லோருக்கும் அவள் நம்பரக்கா. எண் போடுவதோடு இன்னொரு வேலையும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது. அதுதான் டேப் கட்டுவது.

வெட்டிய மரமெல்லாம் சமர்த்தாகத் தரைக்கு வந்துவிடாது. சில மரங்கள் பாதி வழியில் பக்கத்து மரத்தின் கவட்டில் தலையை மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். தொங்குமரம் என்பார்கள். அது ஒரு நிமிடத்திலும் விழும், ஒரு வாரம் கழித்தும் விழும். அதற்குக் காற்றடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதனால் மரம் வெட்டுகிற அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மரம் மாட்டிக்கொண்டதும் வெட்டினவன் குரல் கொடுப்பான். நம்பரக்கா போய், மரம் எங்கே விழுந்தாலும் எட்டாத தூரத்தில், சுற்றிலும் டேப் கட்டுவாள். அதற்கப்புறம் டிராக்டர் வந்து அதை இழுத்துத் தள்ளுகிறவரை, அந்த வளையத்துக்குள் கால் வைக்கச் சொல்ல எந்தக் கொம்பனுக்கும் அதிகாரம் கிடையாது. லாரி காத்திருந்தாலும் சரி, மேனேஜரே வந்து நின்றாலும் சரி.

நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். டேப் கட்டாத இடத்தில் தொங்குமரமே இல்லை என்பது அவர்கள் கணக்கு. வாயால் சொன்னால் செல்லாது. துணி கட்டினாலும் செல்லாது. மரம் கண்ணெதிரே அந்தரத்தில் நின்றாலும், டேப்பைக் காட்டு என்பார்கள்.

முந்தின நாள் சாயங்காலம், மொட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற ரம்பக்காரன் வெட்டிய மரம் ஒன்று அப்படி மாட்டிக்கொண்டது. மாட்டுவதுதான் மாட்டியது, வேறு இடமா கிடைக்கவில்லை? கட்டைகளை லாரியில் ஏற்றுகிற பாதைக்கு நேர் மேலே, சொல்லிவைத்த மாதிரி. நம்பரக்கா ஓட்டமும் நடையுமாக ஸ்டோருக்குப் போனாள்.

ஸ்டோரில் இருந்தது அவளுடைய அண்ணன். நாலு வருடத்துக்கு முன்புவரை அவனும் ரம்பக்காரன்தான். இப்போது முழங்காலுக்குக் கீழே ஒரு கால் மட்டும் சொந்தக் கால்.

"டேப் குடுண்ணா, சீக்கிரம்."

"காலையிலேயே அள்ளிட்டுப் போயிட்டாங்க. ஆறு சுருளும்."

"எந்தப் பக்கம் மரம் மாட்டுச்சு?"

"மரமா? மேடைக்குத் தோரணம் கட்டணுமாம்."

அவன் கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்தாள். கால் போன வருடமே, ஜோடிச் செருப்பு வாங்கினால் ஒன்று மிச்சம் என்று சொல்லி ஆஸ்பத்திரியைச் சிரிக்க வைத்தவன் அவன். ஆனால் இந்த முறை அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

வேறு வழியில்லாமல் அவள் பழைய சாக்கு இரண்டைக் கிழித்து, முடிச்சுப் போட்டு நீளமாக்கி, பாதைக்குக் குறுக்கே கட்டினாள். பக்கத்துக் கட்டையில் சிவப்புப் பெயிண்டால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், சாக்கை யாரோ அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, சூப்பர்வைசர்தான். அவரே பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், பாதைக்கு மேல மரம் தொங்குது. ரெண்டு மணிக்கு லோடு ஏத்துறவங்க எட்டுப் பேரும் இதுக்கு அடியிலதான் நிப்பாங்க."

"தெரியும்மா. நாளைக்கு டிராக்டர் வந்ததும் இழுத்துடலாம்."

"அப்ப லோடும் நாளைக்கு ஏத்தலாமே?"

"லாரி இன்னைக்கு வருதே. டேப் கட்டியிருந்தா நானே நிறுத்திடுவேன். கட்டலையே! கட்டாத இடத்துல வேலைய நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"டேப்ப எடுத்துட்டுப் போனதே நீங்கதானே சார்?"

"எங்க போயிடப் போகுது? விழா முடிஞ்சு ஹெட் ஆபீஸ் பெரியவர் கிளம்புனதும், அஞ்சு மணிக்கு அவுத்துத் தர்றேன். அதுவரைக்கும் எதையும் கெளப்பாத. விபத்தே இல்லைன்னு இன்னைக்குக் கேடயம் குடுக்குறாங்க நமக்கு."

லோடு இரண்டு மணிக்கு. டேப் ஐந்து மணிக்கு. நடுவில் இருக்கிற மூன்று மணி நேரமும் எட்டுத் தலைகள் அந்த மரத்துக்கு அடியில். அந்த எட்டில் ஒன்று அவள் புருஷனுடையது. அவரிடம் போய்ச் சொன்னால், அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"இந்த மாதிரி எத்தனை மரத்தப் பாத்திருக்கோம். மேல ஒரு கண்ணு வச்சுக்கிட்டு ஏத்திட வேண்டியதுதான்."

"ரெண்டு கண்ணும் தோள்ல இருக்கிற கட்டை மேல இருக்கும். மேல பாக்குறதுக்கு மூணாவது கண்ணு எங்க வச்சிருக்கீங்க?"

"ஏத்த மாட்டேன்னு சொன்னா நாளைக்கு வேற ஆளு வருவான். விடு, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வாராம். அவள் அண்ணனும் அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் போனான்.

பதினொரு மணிக்கு விழா தொடங்கியது. தலைமை அலுவலகத்துப் பெரியவர் வந்திறங்கினார். பளபளவென்று துடைத்த பூட்ஸ்; சேறு படக்கூடாதென்று காரிலிருந்து மேடைவரை பலகை போட்டிருந்தார்கள். வரவேற்பு ஆயிற்று, பூங்கொத்து ஆயிற்று. ஆயிரத்து நானூறு நாள் விபத்தே இல்லை என்று சூப்பர்வைசர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

எதற்கென்று அவனுக்கும் தெரியாது. பரிசு தரப்போகிறார்கள் போல என்று நினைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஊன்றுகோலோடு மூன்று படி ஏறினான். பெரியவர் அவன் தோளில் கை வைத்தார். மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இவரைப் பாருங்கள். ஒரு நிமிடக் கவனக்குறைவு. அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க இவர் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கெல்லாம் இவரே ஒரு பாடம்."

அண்ணன் சிரித்தபடியே நின்றான். சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாதவனின் சிரிப்பு அது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நம்பரக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கவனக்குறைவா? அன்றைக்கும் ஒரு மரம் தொங்கியது. அன்றைக்கும் ஸ்டோரில் டேப் இல்லை. தீர்ந்துபோய் மூன்று வாரமாகிறது, வாங்கிக் கொடுங்கள் என்று நம்பரக்கா தன் கையாலேயே மூன்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. டேப் இல்லாததால் வேலை நிற்கவில்லை, வேலை நிற்காததால் அண்ணன் அந்த மரத்துக்கு அடியில் போனான். ஊசி மயக்கத்தில் கிடந்தவன் விரலைப் பிடித்து, தொழிலாளியின் கவனக்குறைவு என்ற காகிதத்தில் வைத்து அழுத்தினார்கள். அப்போது கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தவள் இவள்தான். வாயைத் திறக்கவில்லை. ஸ்டோரில் அவனுக்கு ஒரு வேலை தருகிறோம் என்றார்கள். அது போய்விடுமோ என்று பயந்து நாலு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"இப்போது பாதுகாப்பு உறுதிமொழி" என்றார் சூப்பர்வைசர். "நம்பரக்கா வாசிப்பார். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, எல்லோரும் எழுந்து நின்று திருப்பிச் சொல்லவும்."

அவளுக்குக் கணீரென்ற குரல் என்று போன வாரமே ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் மேடை ஏறினாள். அண்ணன் இன்னும் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதம்.

"தலைக்கவசம் இல்லாமல் காட்டுக்குள் நுழைய மாட்டேன்."

இருநூறு பேரும் சொன்னார்கள்.

"ரம்பத்தின் பாதுகாப்புப் பூட்டைக் கழற்ற மாட்டேன்."

சொன்னார்கள்.

"தொங்குமரத்தைக் கண்டால் உடனே எச்சரிக்கை டேப் கட்டுவேன்."

"உடனே எச்சரிக்கை டேப் கட்டுவேன்" என்று கூட்டம் முழங்கியது.

அவள் காகிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மைக் இன்னும் வாய்க்கு நேராக இருந்தது.

"டேப் எங்க இருக்கு?"

திருப்பிச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்ட கூட்டம், யோசிக்காமல் அதையும் சொன்னது. "டேப் எங்க இருக்கு?"

"இந்த மேடையில இருக்கு."

"இந்த மேடையில இருக்கு." இதைச் சொல்லும்போது சிலர் குரல் தடுமாறியது. பாதிப் பேர் தலையைத் தூக்கித் தோரணத்தைப் பார்த்தார்கள்.

"ஏத்துற பாதைக்கு மேல மரம் தொங்குது."

"மரம் தொங்குது." லோடு ஏற்றுகிறவர்களின் வரிசையிலிருந்து சத்தம் கூடுதலாக வந்தது.

"எங்க அண்ணன் கவனக்குறைவா போகல. அன்னைக்கும் டேப் இல்ல."

இதை முதலில் ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. பிறகு மொட்டை தனியாகச் சொன்னான். அப்புறம் அவள் புருஷன் சொன்னார். அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். அண்ணனின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு அப்போதுதான் விலகியது.

சூப்பர்வைசர் மைக்கைப் பிடுங்க ஓடிவருவதற்குள் அவள் மேடை முகப்புக்குப் போய்விட்டாள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். வளைவு வளைவாக அவிழ்ந்து வந்தது. பாதுகாப்பே முதன்மை என்று எழுதிய பேனரையும் அந்த டேப்பில்தான் கட்டியிருந்தார்கள் போலிருக்கிறது. அது ஒரு பக்கமாகச் சரிந்து பெரியவரின் நாற்காலிமேல் விழுந்தது. நடுவில் இருந்த பூ மட்டும் வர மறுத்தது. அண்ணன் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்த பேனாக்கத்தியை எடுத்துப் பூவை அறுத்துக் கொடுத்தான்.

"என்னம்மா பண்ற? பெரியவர் முன்னாடி மானத்த வாங்குறியே!" சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"உறுதிமொழி எடுத்தேன் சார். உடனேன்னு போட்டிருக்கு."

டேப்பைச் சுருள் சுருளாகத் தோளில் சுற்றிக்கொண்டு அவள் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. காட்டு வழியில் பாதி தூரம் போனபோது, பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்த டேப்பின் மறுமுனையை யாரோ தூக்கிப் பிடித்தது தெரிந்தது. அவள் புருஷன். அவர் முனையைப் பிடிக்க, அவள் மரம் மரமாகச் சுற்றி வந்தாள். கசங்கிய டேப், ஆங்காங்கே குண்டூசிக் குத்து, ஜிகினா ஒட்டியிருந்தது. ஆனாலும் டேப்.

இரண்டு மணிக்கு லாரி வந்தது. டிரைவர் டேப்பைப் பார்த்து எஞ்சினை அணைத்துவிட்டு, இருக்கையிலேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். சூப்பர்வைசர் வந்தார், பார்த்தார், வந்த வழியே திரும்பிப் போனார். டேப் கட்டினால் நிறுத்திவிடுவேன் என்று காலையில் சொன்னது அவரேதான்.

மூன்றே கால் மணிக்கு, காற்று துளிகூட இல்லாத நேரத்தில், மேலே ஒரு கிளை முறிகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி மரம் வந்துவிட்டது. ஏற்றுவதற்கு அடுக்கி வைத்திருந்த கட்டைகளின்மேல் நெடுக விழுந்து, அவள் பெருக்கல் குறி போட்ட கட்டையை இரண்டாகப் பிளந்தது. நிலம் அதிர்ந்தது. டேப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். அவள் புருஷன் கையிலிருந்த டீ மொத்தமும் சட்டையில் கொட்டியிருந்தது; அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அவளுக்கு ஓலை வந்தது. விழா மேடையின் அலங்காரத்தைக் குலைத்தது ஏன், உறுதிமொழியில் இல்லாத வாசகங்களைச் சேர்த்தது யார் சொல்லி, இச்செயலால் விளைந்தது என்ன, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும். மரம் விழுந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. யாருக்கும் அடிபடவில்லை அல்லவா, அதனால் அது நடக்கவே இல்லை.

அவள் ஸ்டோரில் உட்கார்ந்து, எண் போடுகிற அதே சிவப்புப் பெயிண்டையும் பிரஷையும் எடுத்தாள். முதல் இரண்டு கேள்விகளையும் விட்டுவிட்டாள். மூன்றாவதற்கு நேராகப் பெரிய எழுத்தில் எழுதினாள்: மரம் விழுந்தது. அடியில் யாரும் இல்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தான். இரண்டு தடவை படித்தான். காலியாகக் கிடந்த டேப் அலமாரியையும் ஒரு தடவை பார்த்தான்.

"ஒண்ண விட்டுட்டியே" என்று பிரஷை வாங்கி, அடியில் அவனே எழுதினான்: ஸ்டோரில் டேப் இல்லை. நாலாவது முறையாகக் கேட்கிறோம்.