ஒரு வார மரியாதை

சிரிப்பக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் விடுதியின் சமையல்காரர். ஆறு வருஷமாக வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்து, வீட்டுக்குப் போனால் பெற்ற மகளைப் பார்த்துச் சிரிக்கக்கூடக் கன்னத்தில் தெம்பு இருக்காது அவளுக்கு. அதுவும் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். காரில் வந்து இறங்குகிறவர்களுக்குப் பல் தெரிய ஒரு சிரிப்பு. வாடகை வண்டியில் வருகிறவர்களுக்கு உதட்டோடு நிற்கிற சிரிப்பு. நடந்து வருகிறவர்களுக்குச் சிரிப்பே கிடையாது, "யாரைப் பார்க்கணும்?" என்ற கேள்விதான்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை என்றால் மேசை மணியை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் பெட்டி தூக்க ஆள் வருவான். இரண்டு தட்டு என்றால் வாசல் காவலாளி வந்து, வந்தவரை நாசூக்காக வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார். வந்தவருக்கு இந்தச் சங்கதி தெரியாது. தண்ணீர் கொண்டுவரத்தான் மணி அடிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு நிற்பார், பாவம். ஆறு வருஷத்தில் எத்தனை பேருக்கு இரண்டு தட்டுத் தட்டியிருப்பாள் என்று சிரிப்பக்கா எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணியிருந்தால் தூக்கம் வந்திருக்குமா?

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகானுபாவர் மேலாளர். எதற்கெடுத்தாலும் ஒரு சுற்றறிக்கை அடித்துச் சுவரில் ஒட்டுவார் என்பதால் அவருக்கு 'சர்க்குலர்' என்று பெயர். குழாய் சொட்டினால் சுற்றறிக்கை. ஊழியர் தும்மினால் சுற்றறிக்கை. அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலையில் வேர்க்க விறுவிறுக்க வந்து புதுச் சுற்றறிக்கை ஒன்றை ஒட்டினார்.

விடுதிகளுக்குத் தரம் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் அந்த வாரம் வருகிறாராம். எப்போது வருவார், எப்படி இருப்பார், ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. பெட்டியோடு வரலாம், கைவீசிக்கொண்டும் வரலாம். ஆகவே இந்த வாரம் படியேறி வருகிற ஒவ்வொருவரையும் விருந்தாளியாக நடத்த வேண்டும். இரண்டு தட்டு அறவே கூடாது.

"யார் வந்தாலுமா சார்?" என்று காவலாளி கேட்டார். அவருக்கு அது பிடிபடவில்லை.

"யார் வந்தாலும்! குப்பை பொறுக்க வந்தாலும் 'வாங்க, உட்காருங்க'தான். எந்தப் புத்துல எந்தப் பாம்பு இருக்கோ."

பிறகு சிரிப்பக்காவைத் தனியாக அழைத்து, "இது மட்டும் நல்லபடியா முடியட்டும், உன் நிரந்தர ஆர்டர்ல வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

அந்த ஆர்டருக்காகத்தான் அவள் ஆறு வருஷமாகக் காத்திருந்தாள். பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் முடியும். ஒவ்வொரு தடவையும் சர்க்குலரின் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் ஏதோ தன் சொத்தை எழுதி வைப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு புதுப்பித்துக் கொடுப்பார். தையல் இயந்திரத்தின் முன் குனிந்து குனிந்து அவள் கணவனுக்கு இடுப்பு போய்விட்டது. மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாள். நிரந்தரமாகிவிட்டால் இனி யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

அன்று பத்து மணிக்கு அந்த அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். செருப்பின் வார் ஒரு பக்கம் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. தோளில் ஒரு துணிப்பை. மேசையை நெருங்கக்கூடத் தயங்கி, நான்கடி தள்ளி நின்றே கேட்டார்.

"இங்க கழிப்பறை எங்கம்மா இருக்கு? அவசரம். அதான் கேட்டேன்."

வேறு எந்த வாரமாக இருந்தாலும் சிரிப்பக்காவின் விரல் மணிக்குப் போயிருக்கும். அன்று பல் தெரியச் சிரித்தாள். "இப்படி நேராப் போங்கம்மா, வலது பக்கம்."

திரும்பி வந்த அம்மா, கூடத்து நாற்காலிகளைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் உட்காரலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"தாராளமா உட்காருங்கம்மா!"

உட்கார்ந்தவர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என்னமோ எழுதினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி எழுதினார். கூரையை ஒரு பார்வை, தரையை ஒரு பார்வை. சமையலறைக் கதவிடுக்கு வழியாக இதையெல்லாம் கவனித்த சமையல்காரருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"அக்கா, சத்தியமா அவங்கதான். செருப்புல ஊக்கு குத்தியிருக்கிற அழகைப் பாரு. வேஷம்!"

அவ்வளவுதான். அடுத்த ஐந்தாவது நிமிஷம் சர்க்குலரே தட்டில் பழச்சாறு ஏந்தி வந்தார். பதினொன்றுக்குக் காபி. மதியம் "எங்க சமையலை ருசி பார்த்துச் சொல்லணும்" என்று கையைப் பிடிக்காத குறையாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். முதுகுக்கு ஒரு தலையணை வேறு. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பதறி எழுந்து, "எதுக்கும்மா இதெல்லாம்? வேண்டாங்க" என்றார். அதைப் பார்த்துச் சர்க்குலர், "என்னமா நடிக்கிறாங்க பார்த்தியா!" என்று வியந்துபோனார். மூன்றே முக்காலுக்கு அம்மா எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். செவ்வாயன்று பத்து மணிக்கு மறுபடி வந்தார். புதனன்றும் வந்தார்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த வாரம் விடுதி நன்றாக இருந்தது. பார்சல் கொண்டுவந்தவனுக்கு ஒரு குவளை தண்ணீர் கிடைத்தது. விருந்தினர்களின் கார் ஓட்டுநர்கள் வெயிலில் வேகாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட எதையும் திருடிக்கொண்டு போகவில்லை, கூரையும் இடிந்து விழவில்லை. சிரிப்பக்காவுக்கே புதன்கிழமை ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. வீட்டுக்குப் போனபின் மகள், "என்னம்மா, இன்னைக்கு முகம் நல்லா இருக்கு?" என்று கேட்டாள்.

அதே புதன் மதியம்தான் அவள் அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்திருந்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லாத நேரம்.

"எங்கிருந்தும்மா வர்றீங்க?"

"ரொம்ப தூரம்மா. ரெண்டு பஸ்ஸு மாறணும். வீட்டுக்காரருக்கு எதிர் ஆஸ்பத்திரில கால்ல ஆபரேஷன். நாலு மணிக்குத்தான் உள்ள விடுறாங்க. அதுவரைக்கும் அங்க நிக்கக்கூட இடமில்ல, விரட்டிக்கிட்டே இருக்காங்க. பஸ்ஸு காலையில ஒண்ணு, அதை விட்டா சாயங்காலம்தான்." நோட்டைக் காட்டினார். "நர்ஸம்மா சொல்ற மாத்திரை எல்லாம் மறந்துபோகுது. ஞாபகம் வர வர எழுதி வெச்சுக்கறேன். ஒரு வார்த்தை சொல்லணும்மா. முப்பது வருஷமா நாலு வீட்டுல வேலை செய்யறேன். உட்காருங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்க சொன்னீங்க."

சிரிப்பக்கா நோட்டைப் பார்த்தாள், மாத்திரைப் பெயர்கள்தான். ஆய்வாளரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றால் அப்போதே சர்க்குலரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடிதம் வந்தது. அதைப் பிரித்த சர்க்குலர் தலைகால் தெரியாமல் குதித்தார். முதல் தரம்! ஆய்வாளர் செவ்வாயன்றே வந்து தங்கிவிட்டுப் போயிருக்கிறார். பன்னிரண்டாம் அறையில் ஒரு ராத்திரி முழுக்க இருமிக்கொண்டிருந்தாரே, அந்த மனிதர்தான். எல்லோருக்கும் கைகொடுத்து, கடிதத்தைக் கோப்பில் வைக்கச் சொல்லிச் சிரிப்பக்காவிடம் நீட்டியவர், சட்டென்று நின்றார். கூடத்து மூலையில் வழக்கம்போல உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ இந்தம்மா யாரு?"

சமையல்காரர் மெல்லச் சமையலறைப் பக்கம் நழுவினார்.

"அஞ்சு நாளா நம்ம காபியைக் குடிச்சுட்டு, நம்ம நாற்காலியில... சே! என்ன ஏமாத்து வேலை!"

"அவங்க எங்க சார் ஏமாத்தினாங்க? கழிப்பறை எங்க இருக்குன்னுதான் கேட்டாங்க. நாமதான் விழுந்து விழுந்து கவனிச்சோம்" என்றாள் சிரிப்பக்கா.

"சரி சரி. இன்னையிலிருந்து பழையபடிதான். டிரைவருங்க வெளியே. அந்தம்மாவை அனுப்பிட்டு என் ரூமுக்கு வா, உன் ஆர்டர் மேசை மேல இருக்கு. கையெழுத்துப் போடுறேன்."

ஓட்டுநர்களை வெளியே போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டு அவர் உள்ளே போனார். சிரிப்பக்கா கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். முதல் பக்கம் முழுக்க எண்கள். அவர் அதற்குமேல் படிக்கவில்லை போலிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஆய்வாளர் தன் கையால் நான்கு வரி எழுதியிருந்தார். 'கூடத்தில் வயதான ஓர் அம்மையாரைக் கண்டேன். அவர் இங்கு தங்கியிருப்பவர் அல்ல. எதிர் மருத்துவமனைக்கு வந்தவர் என்று அவரிடமே பேசித் தெரிந்துகொண்டேன். ஊழியர்கள் அவரைத் தங்கள் வீட்டுக்கு வந்தவரைப் போலக் கவனித்தார்கள். மற்ற மதிப்பெண்களைவிட இதற்காகவே முதல் தரம் பரிந்துரைக்கிறேன்.'

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் எவருடைய புண்ணியத்தில் குதித்தாரோ அவரையே வெளியே தள்ளச் சொல்கிறார்! காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அறைக்குள் போய் மேசை மேல் வைத்தாள்.

"இதைப் படிங்க சார். நமக்குத் தரம் கிடைச்சதே இந்தம்மாவாலதான்."

சர்க்குலர் படித்தார். முகத்தில் ஒரு மாற்றம் வரும் என்று எதிர்பார்த்து நின்றாள். வந்தது. சிரித்தார்.

"பரவாயில்லையே, அதுவும் நல்லதுக்குத்தான் ஆச்சு. அதான் மார்க் வந்துடுச்சே. இனிமே எதுக்கு?"

இனிமே எதுக்கு. இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டபோது அவளுக்கு ஓங்கி ஓர் அறை விடத் தோன்றியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு மட்டுமில்லை. ஆறு வருஷமாக மணியைத் தட்டிய தனக்கும்தான்.

"என்னால முடியாது சார்" என்றாள்.

"உன்னால முடியாட்டி நான் தட்டுறேன். அப்புறம் இந்த ஆர்டரையும் யோசிக்க வேண்டியிருக்கும், பார்த்துக்கோ."

அவரே வெளியே வந்து மணியை இரண்டு தட்டுத் தட்டினார். காவலாளி வந்தார். யாரை என்று சர்க்குலரின் தாடை சைகை காட்டியது. காவலாளி அந்த அம்மாவின் முன்னால் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நாளாக அந்த அம்மாவுக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டவர் அவர்.

"இது தங்கறவங்க உட்கார்ற இடம்மா" என்று சர்க்குலரே தொடங்கினார். 'அம்மா' இருந்தது, மரியாதை போய்விட்டது. "நாங்க உங்களை வேற யாரோன்னு நினைச்சுட்டோம். பெரிய ஆளுன்னு."

அந்த அம்மாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. தலையணையை எடுத்துத் தட்டி ஓரமாக வைத்தார். பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு கைக்குட்டையை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார். கைப்பிடியைத் துடைத்தார். முதுகு சாய்ந்த இடத்தைத் துடைத்தார்.

"தெரியாம உட்கார்ந்துட்டேங்க. மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு அவரை வீட்டுக்கு அனுப்புறாங்க. கூட்டிட்டு வந்து உங்க எல்லாரையும் காட்டலாம்னு இருந்தேன். அவருகிட்ட சொல்லியும் வெச்சுட்டேன்."

சிரிப்பக்கா பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்தாள். "துடைக்காதீங்க! எதுக்குத் துடைக்கறீங்க? என்ன அழுக்கு பண்ணிட்டீங்க நீங்க? அழுக்கு எங்ககிட்டதான் இருக்கு. உட்காருங்கம்மா."

"ஏய், என்ன இது?" என்றார் சர்க்குலர்.

"நாலு மணி வரைக்கும் இவங்க இங்கதான் இருப்பாங்க சார். இவங்களை எழுப்பணும்னா முதல்ல என்னை எழுப்பணும்."

சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் அவளும் உட்கார்ந்தாள். ஊழியர்கள் கூடத்தில் உட்காரக் கூடாது என்பது சர்க்குலரின் முதல் சுற்றறிக்கை. ஆறு வருஷம் அந்த நாற்காலிகளைத் தினமும் பார்த்தவளுக்கு அவை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. மாடிப்படியில் இறங்கிவந்த விருந்தினர் இரண்டு பேர் என்னமோ ஏதோ என்று நின்றார்கள். காவலாளி சர்க்குலரைப் பார்க்காமல் வாசலுக்குப் போய், வெளியே விரட்டப்பட்ட ஓட்டுநர்களில் ஒருவரிடம் தண்ணீர்க் குவளையை நீட்டினார்.

சர்க்குலர் விறைப்பாக உள்ளே போனார். மேசை இழுப்பறை திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஆர்டர் உள்ளே போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். கணவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அந்த அம்மா நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"என்னால உங்களுக்கு வேலை போயிடுமாம்மா?"

"போனாப் போகட்டும். அது உங்களால இல்ல."

"அப்போ நாளைக்கு நான் அவரைக் கூட்டிட்டு வரல. நேரா பஸ்ஸுக்குப் போயிடறோம்."

"வாங்க. ஆனா இங்க வேண்டாம்" என்றாள் சிரிப்பக்கா. "எங்க வீடு பின் தெருவுலதான், தையக்காரர் வீடுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. ரெண்டே நாற்காலிதான் இருக்கு. ஒண்ணுல நீங்க, ஒண்ணுல ஐயா. நாங்க நின்னுக்கறோம்."