இரண்டாவது குழாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஓட்டல் சலவைக் கூடத்தில் நாளெல்லாம் ஊரார் விரிப்புகளைத் துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஏழு வயது மகள் மூத்திர ஈரத்தோடு நிற்பாள். கோபம் வராதா? "எருமை மாதிரி வளந்திருக்கே, அடக்கத் தெரியல? சோம்பேறி!" என்று கத்துவேன். முதுகில் இரண்டு வைத்தும் இருக்கிறேன். பழக்கம் சரியாகும்வரை அனுப்ப வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் வேறு சொல்லிவிட்டார்கள்.

பார்த்த டாக்டர்கள் எல்லாரும், வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

"பாத்ரூமுக்கு ஒழுங்கா போறாளா?"

"அதெல்லாம் நேரத்துக்குப் போவா டாக்டர். போயிட்டு வந்த பத்தாவது நிமிஷம் பாத்தா ஈரம்! என் உயிரை வாங்கறதுக்குன்னே பண்றா."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "ஒரு மணி நேரமாவது முழுசா காஞ்சு இருந்திருக்காளா?"

யோசித்தேன். அவள் துணியைத் துவைத்தவள் நான்தானே.

"இல்ல டாக்டர். பொறந்ததுலேர்ந்தே இல்ல."

ஸ்கேன் எடுத்த பிறகு காகிதத்தில் வரைந்து காட்டினார். ஒரு சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய் சிறுநீர்ப்பைக்குள் இறங்க வேண்டும். இவளுக்கு இடது பக்கம் இரண்டு. ஒன்று ஒழுங்காகப் பைக்குள் போகிறது. இன்னொன்று பையைத் தாண்டி, அடக்குகிற தசைக்கும் கீழே போய்த் திறக்கிறது.

"வயித்துல உருவாகும்போதே இப்படி ஆயிருக்கு. யார் தப்பும் இல்ல. அந்தக் குழாயில வர்றதை யாராலயும் அடக்க முடியாது. ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிடலாம்."

மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?"

"இல்லடா கண்ணு."

ஐயோ, எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். "அம்மாவை மன்னிச்சுடுடி."

"பரவால்லம்மா, உனக்கும் தெரியாதுல்ல" என்றாள் அந்தப் பெரிய மனுஷி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு மாதம், காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவள் படுக்கையைத் தடவிப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை. மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் துணிக்கடைக்குக் கூட்டிப் போனேன்.

அவளுக்குப் பிடிக்குமே என்று கறுப்புக் கவுனை எடுத்தேன். அவள் கை வெளிர்மஞ்சள் கவுனைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இதுல ஈரம் பட்டா தெரியும்னுதான்மா இத்தனை நாளும் கேக்கல. இப்போ எடுத்துக்கட்டுமா?"

கறுப்புக் கவுனைத் திரும்ப வைத்தேன்.

"ரெண்டா எடுடி" என்றேன்.