கம்பத்தில் பாடை எடுக்கும்வரை

நோய் வந்த வருடம் சாவுக்குக் குறைவில்லை. சாவு வீட்டில் ஆள்தான் குறைவு. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சட்டம். அந்த இருபதில் ஒப்பாரிக்காரிக்கும் தப்பு அடிக்கிறவனுக்கும் எவன் இடம் கொடுப்பான்? ஒப்பாரிக்காரி என் பெண்டாட்டி முத்துப்பேச்சி. தப்பு அடிக்கிறவன் நான். வயதாகி, இந்தக் கேரளத்து மலையில் ஏலத்தோட்ட வேலை நின்றபிறகு எங்களுக்கு இதுதான் பிழைப்பு.

பல மாதம் கழித்து, எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து ஒரு போன். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் இறந்துவிட்டார். "எல்லைய அடச்சுட்டாங்க. போன்லயே அழுங்க, ஸ்பீக்கர்ல வைக்கிறோம். பாடை எடுக்குற வரைக்கும் நிறுத்திராதீங்க" என்றான் மகன்.

எனக்கு ஏமாற்று வேலையாகப் பட்டது. "போன்ல அழுதா பொணத்துக்குக் கேக்குமாடி?" என்றேன்.

"நேர்ல அழுதப்ப மட்டும் கேட்டுச்சாக்கும்? இது ஒழுங்கா நடந்தா நாலு பேரு கூப்பிடுவாக. இல்லேன்னா இன்னையோட என் தொண்டைக்கு வேலை இல்லய்யா."

நான் கூடப் போக முடியாது. எல்லையை அடைக்கும் முன்னால் போடிக்குப் போய் வந்தேன் என்று சுகாதாரத்துறை ஆஷா ஊழியர் இந்து என்னை உள்ளே வைத்து, வெளியே வரக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டியிருந்தாள். எனக்கு ஒரு நோயும் இல்லை. முத்துப்பேச்சி படுப்பதுகூட அடுத்த வீட்டுச் சித்ராவிடம்தான்.

எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே உள்ள பாறையில்தான் போன் அறுபடாமல் டவர் கிடைக்கும். முத்துப்பேச்சி தனியாக ஏறி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, "என் ராசாவே" என்று ஆரம்பித்தாள்.

எங்கள் ஆட்கள் பிணம் இல்லாத இடத்தில் ஒப்பாரி வைக்க மாட்டார்கள். அழுகைச் சத்தம் கேட்டால் யார் என்று விசாரிக்கவும் மாட்டார்கள், ஓடிப்போய்க் கூட உட்கார்ந்து அழுவார்கள். விசாரிப்பு எல்லாம் அப்புறம். பெண்கள் பாறைக்கு ஓடினார்கள். ஆண்கள் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். சித்ராவின் புருஷன் பொன்ராஜ் பாடைக்கு மூங்கிலே வெட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ஜன்னலைத் திறந்து, "யாருலே செத்தது?" என்றேன்.

"நீங்கதான் மாமா."

"நான் நின்னு பேசிக்கிட்டு இருக்கேன்லா!"

"அத்தை முடிய விரிச்சுப் போட்டு அழுவுது. அது பொய்யா அழுவுமா?"

அதற்குள் இந்து வந்துவிட்டாள். "இருபது பேர் நில்லுங்க, மத்தவங்க கிளம்புங்க!"

"நான் சாகலம்மா."

"உயிரோட இருந்தாலும் செத்தாலும் உங்களுக்கு ஒரே சட்டம்தான் தாத்தா. ஜன்னல மூடுங்க."

இருபதில் யார் யார் என்று சண்டை. என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாத மொக்கையன் முன்னால் வந்து, "எனக்கு ஒரு இடம் வேணும். அவன் போறத நான் கண்ணால பாக்கணும்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாறையைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினால் போதும், பெண்கள் நிறுத்திவிடுவார்கள். வாயைத் திறந்தேன். அப்போது முத்துப்பேச்சியின் குரல் உடைந்தது. எத்தனை மாதம் பாடாத தொண்டை. உடைந்த இடத்தைச் சித்ரா பிடித்துக்கொண்டாள்.

"யாரையும் நம்பாத மகராசா, அந்த
எமன மட்டும் எப்படி நம்பிப் போனீரு?"

என்னைத்தான் பாடுகிறாள். நான் கத்தினால் கம்பத்தில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாயில் மல்லாந்து படுத்தேன். கால் கட்டைவிரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். வெளியே மொக்கையன் விசும்புவது கேட்டது. அதையும் நான் நம்பவில்லை.

கம்பத்தில் பாடை எடுத்தபிறகு அழுகை நின்றது. முத்துப்பேச்சி இறங்கிவந்து விஷயத்தைச் சொன்னாள். "அப்ப நான் வெட்டுன மூங்கில்?" என்றான் பொன்ராஜ்.

சாயங்காலம் மகன் திரும்பக் கூப்பிட்டானாம். "எங்கப்பாவும் யாரையும் நம்ப மாட்டாரு. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டானாம். அவன் சொல்லி, சின்னமனூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். இதே மாதிரி வேண்டும், கூட்டத்தோடு வேண்டும்.

சித்ரா ஜன்னலுக்கு வந்தாள். "நாளைக்கும் சாவீகளா மாமா? ஆளு இருந்தாத்தான் அழுகை வருது. வெள்ளன செத்துட்டீகன்னா நாங்க ஏலக்காய் பறிக்கப் போயிருவோம்."

"இந்தத் தாளக் கிழிக்குற வரைக்கும்தான் சாவேன்" என்றேன். "அப்புறம் எனக்குத் தப்பு அடிக்குற வேலை இருக்கு. மொக்கையனச் சாகச் சொல்லு."