வல்லூறுக்கு எண்ணத் தெரியாது

திருமலை என்பது அவர் பெயர். ரேணிகுண்டா ரயில் நிலையத்தில் நெடுங்காலம் பயணச்சீட்டுக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றபின் புத்தூரில் வந்து குடியேறியவர். காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே காமிராவைத் துடைப்பார். அதற்கென்று பழைய வேட்டியொன்றின் மெல்லிய பகுதியைக் கைக்குட்டையளவு கிழித்து வைத்திருந்தார். இலைப்பச்சை நிறச் சட்டையைத் தவிர வேறெதையும் உடுத்துவதில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் அதே நிறந்தான். யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டார். ஆனால் பேச்சு நீண்டால் எழுந்துவிடுவார். சோற்றில் கை இருக்கும்போதே, வெளியே ஏதோ பறவை குரல் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அவ்வாறு எழுந்து போன வேளைகளில் பாதிக்குமேல் எந்தப் பறவையும் கூவியதில்லை என்பது அவர் மனைவி தாட்சாயணிக்குத் தெரியும்.

அந்தச் சித்திரையிலும் அப்படித்தான் நடந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த தாட்சாயணி, “டாக்டரம்மா ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க” என்று தொடங்கினாள். “குஞ்சுங்க பறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவ எழுந்தார்.

குஞ்சுகள் என்று அவர் சொன்னது வல்லூற்றின் குஞ்சுகளை. நகரி போகும் வழியில், குன்றின் சரிவில் அமைந்த மாந்தோப்பொன்றில் அந்தக் கூடு இருந்தது. ஊரார் அப்பறவையை டேகா என்று தெலுங்குப் பெயராலேயே அழைப்பார்கள். தோப்பு சரிவில் இருந்தபடியால் மோட்டார்க் கொட்டகையின் மேல்தளமும் கூடும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன. அந்தத் தளத்தின்மேல் பச்சை நிழல்வலையால் ஆள் குந்தும் அளவுக்கு ஒரு மறைவிடம் கட்டியிருந்தார் திருமலை. வலையில் காமிராவின் மூக்கு நீளும் அளவுக்கு ஒரே ஓட்டை. உள்ளே கால் நீட்ட இடமில்லை. நிமிர்ந்தால் தலை முட்டும்.

மறைவிடத்துக்குள் போவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் மட்டும் போய் நுழைந்துகொண்டால் வல்லூறு கிளையிலேயே இருந்து வலையை முறைத்துக்கொண்டிருக்கும், கூட்டுக்கு வராது. இருவர் சேர்ந்து போய், ஒருவர் உள்ளே தங்க, மற்றவர் அது பார்க்கும்படி நடந்து திரும்பிவிட்டால், வந்தவர் போய்விட்டார் என்று நம்பிக் கூட்டில் அமர்ந்துவிடும். அதற்கு எண்ணத் தெரியாது. நடந்து திரும்பும் வேலை தாட்சாயணியுடையது. உச்சிவேளையில் அவளே வந்து கூட்டின் அடியில் நின்று பறவையின் கண்ணைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, “இறங்குங்க” என்பாள். அப்போது அவர் பின்பக்கத்து இரும்புப் படிகளில் இறங்குவார். அவள் சொல்லும்வரை அசைவதில்லை என்பது அவரே வகுத்துக்கொண்ட சட்டம்.

அன்று வெயில் கடுமையாக இருந்தது. வலைக்குள் காற்றே இல்லை. கழுத்தில் வழிந்த வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தினால் வலை அசையும் என்பதால் அதுவும் இல்லை. கூட்டில் பெண் வல்லூறு சிறகைச் சற்றே விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆண் வல்லூறு இரையோடு கூட்டுக்கே வந்து, பெண்ணுக்குக் காலோடு கால் மாற்றிக் கொடுக்கும் ஒரு கணத்துக்காக அவர் மூன்று கோடைகளாகக் காத்திருந்தார். வழக்கமாக அது எங்கோ ஒரு கிளையில் நடந்து முடிந்துவிடும்.

உச்சிவேளையில் தாட்சாயணியின் செருப்போசை கேட்டது. ஆனால் அவள் கூட்டின் அடிக்குப் போகவில்லை. கொட்டகை நிழலில் அமர்ந்துவிட்டாள். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவரின் மனைவி பிரமிளா ஆடுகளை ஓட்டிக்கொண்டு அங்கே வந்தாள். கீழே மனிதர்கள் பேசுவதும் நடமாடுவதும் வல்லூற்றுக்குப் பழக்கம். அது தலையைக்கூடத் திருப்பவில்லை.

“இன்னாக்கா, தனியா குந்திகினு கீறீங்க? அவுரு மேல கீறாரா?”

“இல்ல. நகரிக்குப் போயிருக்காரு. காமிராவுக்கு இன்னாவோ வாங்கணுமாம்.”

திருமலை திகைத்துப்போனார். மனைவி பொய் சொல்லி அவர் கேட்டதேயில்லை.

“தப்பிச்சோம்!” என்று பிரமிளா காலை நீட்டி உட்கார்ந்தாள். “அவுரு கீறாருன்னா தோப்புல தும்மக்கூட பயமா கீது. அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு மாங்கா பறிக்கக் கொக்கிய எடுத்தாரு. இவுரு ஒதட்டுமேல வெரல வச்சிகினு ஓடியாறாரு, டேகாவுக்குப் பிரசவம் பாக்கற மாதிரி!”

தாட்சாயணி சிரித்தாள். அவள் அவ்வளவு உரக்கச் சிரிப்பாள் என்பதும் அவருக்குப் புதிது.

பிரமிளா குரலைத் தாழ்த்தினாள். கொட்டகைச் சுவர் அந்தத் தாழ்ந்த குரலையும் மேலே ஏற்றிவிட்டது. “ஆம்பளைங்க யாரும் இல்லியே? உங்ககிட்ட மட்டும் சொல்றேன்கா. எனக்கு ரெண்டு மாசமா தள்ளிப் போய்க்கினு கீது. பொண்ண கட்டிக் குடுக்கற வயசுல இது இன்னா கூத்து! அந்த மனுசனுக்கே இன்னும் சொல்லல.”

திருமலைக்கு முகம் எரிந்தது. இனி அவர் இறங்க வழியில்லை. இறங்கினால் அந்தப் பெண் எந்த முகத்தோடு அவர் எதிரில் நிற்பாள்? செருமினாலும் தெரிந்துவிடும். இதுகாறும் பறவைக்காக அசையாதிருந்தவர், இப்போது மூச்சையும் அளந்து விட்டார்.

“உனக்கு நிக்குது. எனக்கு நிக்கவே மாட்டேங்குது” என்றாள் தாட்சாயணி.

“இன்னாக்கா சொல்றீங்க?”

“வயசு அம்பத்திரெண்டு ஆச்சு. நின்னு போய் வருசமாச்சுன்னு நிம்மதியா இருந்தேன். தைமாசத்துலேர்ந்து திரும்பப் படுது. ராத்திரியில எழுந்து பொடவைய அலசிப் போட்டுட்டுப் படுக்கறேன். ஸ்கேன்ல கட்டின்னு வந்திருக்குது. எப்படிப்பட்ட கட்டின்னு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் தெரியுமாம்.”

“ஐயோ! ஒடனே சேரச் சொல்லியிருப்பாங்களே?”

“சொன்னாங்க. நான்தான் அடுத்த மாசம் வரேன்னுட்டேன்.”

“இன்னாத்துக்கு?”

“இவருக்கு ஆள் வேணுமே. ரெண்டு பேரா வந்து நான் திரும்பிப் போனாத்தான அந்த டேகா நம்பும்? அதுக்கு எண்ணத் தெரியாதாம்.”

பிரமிளாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “டேகாவுக்குத் தெரியாது, செரி. உங்க வூட்டுக்காரரு டிக்கெட் குடுத்தவருதான? எத்தினி பேருன்னு கேட்டுத்தான குடுத்திருப்பாரு? வூட்ல எத்தினி பேருன்னு தெரியாதா அவுருக்கு?”

அந்த வேளையில் ஆண் வல்லூறு வந்தது.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கூட்டின் விளிம்பில் சாம்பல் நிற முதுகும் சிவந்த கண்ணுமாய் நின்றது. காலடியில் ஓர் ஓணான். பெண் எழுந்து, ஒரு காலை நீட்டியது. ஆணும் கால் நீட்டியது. ஓணானின் வால் இரண்டுக்கும் நடுவே தொங்கியது. காமிராவின் கண்ணுக்குள் அது அப்பழுக்கில்லாமல் தெரிந்தது, வெயிலும் அமைந்திருந்தது. திருமலையின் விரல் விசைமேல் இருந்தது. அது பழைய காமிரா. அழுத்தினால் தாழ்ப்பாள் விழுவதுபோல் ஓசை எழும். பறவைக்கு அந்த ஓசை பழகிவிட்டது. பிரமிளாவுக்குப் பழகவில்லை.

விரல் அழுத்தவில்லை. ஓணான் கைமாறியது. ஆண் பறந்து போயிற்று. பெண் அதைக் கிழித்துக் குஞ்சுகளின் வாயில் வைக்கலாயிற்று.

அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாரே ஒழிய, அவர் காதில் விழுந்தவை ஈரப் புடைவையை இரவில் அலசும் ஓசையும், வாளியை மெல்ல வைக்கும் ஓசையுந்தாம். அவ்வோசைகளை அவர் தம் வீட்டில் கேட்டிருக்கிறார். தைமாதம் முதல் கேட்டிருக்கிறார். புரண்டு படுத்திருக்கிறார். வலையைக் கிழித்துக்கொண்டு குதிக்க வேண்டும்போல் இருந்தது. குந்தியபடியே இருந்தார், முழங்கால்கள் மரத்துப் போயின.

கடைசியில் பிரமிளா எழுந்தாள். “நீங்க அவர கேக்காதீங்க. நாளைக்கே பஸ் ஏறுங்க. தொணைக்கு நான் வரேன்” என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னே போனாள்.

அவள் குரல் தேய்ந்து மறைந்த பின்னர், தாட்சாயணி கூட்டின் அடியில் போய் நின்றாள். பெண் வல்லூறு குனிந்து அவளைப் பார்த்தது.

“இறங்குங்க.”

அவர் இறங்கினார். கடைசிப் படியில் கால் நிலைகொள்ளாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கினாரே தவிரக் குடிக்கவில்லை.

“மேல எல்லாம் கேட்டுதா?”

“கேட்டுது.”

“பிரமிளா சொன்னத மறந்துடுங்க. நான் சொன்னத மறக்காதீங்க.”

“எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே, தாட்சாயணி.”

“சொன்னேனே. ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு வெளிய ஏதாவது கத்துச்சு. வூட்ல சொன்னா எழுந்து போயிடறீங்க. நீங்க எழுந்துக்க முடியாத எடம் ஊர்லயே இது ஒண்ணுதான்.”

அவள் குரலில் கோபம் இல்லை. சலிப்புத்தான் இருந்தது. அவளுடைய உதடுகள் வெளுத்திருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். எவ்வளவு நாளாய் வெளுத்திருக்கின்றனவோ, அவர் அறியார்.

“ஆண் டேகா எர கொண்டாந்து குடுத்துதா? ரெக்க சத்தம் கேட்டுது” என்றாள் அவள்.

“குடுத்துது.”

“எடுத்தீங்களா?”

“இல்ல.”

“நாளைக்குத் திரும்பவும் வரும். காலையில கொஞ்சம் முன்னாடியே வந்துடலாம்” என்றாள், வழக்கம்போல.

திருமலை காமிராவைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் வைத்து மூடினார்.

“நாளைக்கு வரல. காலை ரயில்ல திருப்பதிக்குப் போய் அட்மிட் ஆகிடலாம்” என்றார். “நீ வூடு திரும்பற வரைக்கும் நான் அங்கியே இருக்கேன்.”