பிளிமத் ஊர்வலத்தில் முப்பது அடி

"என் கோழிக்கும் உங்க காருக்கும் ஒரே பேரா இருக்கலாம், மிஸ்டர் எல்ட்ரெட்ஜ். அதுக்காக ஒட்டிக்கிட்டே வரணுமா? முப்பது அடி தள்ளி வாங்க. நீங்க அடிக்கிற ஹாரனுக்கு என் கோழிங்க ஒரு வாரம் முட்டை போடாது."

"முப்பது அடிதானே, மிஸஸ் தேயர்? ஒரு அடிகூடக் குறையாது."

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஊர்வலத்தில் நடந்த பேச்சு. வாரன் எல்ட்ரெட்ஜ் அதில் ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை. மறுநாளே ஹாரனின் கம்பியைக் கழற்றிவிட்டார்.

அவர்கள் ஊர் பிளிமத், வெர்மான்ட் மலைகளுக்கு நடுவே இருந்தது. கடலே இல்லாத ஊருக்கு இங்கிலாந்தின் துறைமுக நகரம் ஒன்றின் பெயர். அமெரிக்காவில் அதே பெயரில் வேறு ஊர்களும் உண்டு. தபால்காரராக இருந்த காலத்தில், அந்த ஊர்களுக்குப் போகவேண்டிய கடிதங்களைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவதிலேயே வாரனுக்குப் பாதி நாள் போய்விடும்.

ஜூலை மாத ஊர்வலத்துக்கு ஒரே ஒரு விதிதான். பிளிமத் என்று பெயர் உள்ளதற்கு மட்டுமே இடம். இந்த வருடம் முன்வரிசையில் இங்கிலாந்துப் பிளிமத்தில் பிறந்த ஒரு நர்ஸ் நடந்தாள். அடுத்து பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பைபிளோடு. அவருக்குப் பின்னால் மதுக்கடைக்காரர் பிளிமத் ஜின் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருவரையும் அடுத்தடுத்து விட்டது யார் என்று வருடாவருடம் சண்டை நடக்கும். வருடாவருடம் அதே வரிசையில்தான் போவார்கள்.

அதற்கும் பின்னால் டெல்ஃபீன் தேயர் கைவண்டி தள்ளி வந்தாள். கூண்டில் ஆறு பிளிமத் ராக் கோழிகள், கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட இறகுகளோடு. முப்பது அடி தள்ளி வாரனின் 1951ஆம் வருடத்துப் பிளிமத் கம்பெனி கார்.

கணவர் போய்ப் பன்னிரண்டு வருடமாகத் தனியாக இருப்பவள் அவள். இவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஒவ்வொரு ஜூலையிலும் முன்சீட்டைத் துடைத்துப் பளபளப்பாக்குவார். இந்த வருடம் கேட்டுவிடுவோம் என்று நினைப்பார். எதிரில் அவள் முதுகைப் பார்த்தபடியே ஊர்வலம் முடிந்துவிடும். இப்போதோ, இலையுதிர் காலத்தில் கோழிகளை விற்றுவிட்டு மகளோடு இருக்க ஒஹாயோ மாநிலத்துக்குப் போகப்போவதாக அவளே போன வாரம் சர்ச்சில் சொல்லியிருந்தாள்.

பாலத்தருகே கைவண்டியின் சக்கரம் கழன்று சாக்கடையில் உருண்டது. கூண்டு சாய்ந்தது, கோழிகள் கத்தின. வாரன் பிரேக்கை அழுத்தினார். சரியாக முப்பது அடி. அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த பிளிமத் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த பாட்டையே நின்ற இடத்தில் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.

டெல்ஃபீன் இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள்.

"அங்க என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"நீங்கதானே முப்பது அடின்னு சொன்னீங்க!"

"அது ஹாரனுக்காகச் சொன்னது, மனுஷா. அந்தக் கம்பியத்தான் நீங்க என்னைக்கோ கழட்டிப் போட்டாச்சே. ஊருக்கே தெரியும்."

வாரனுக்குக் காது மடல்வரை சிவந்தது. காரை மெதுவாக அவளருகே கொண்டுவந்தார். இருவருமாகக் கூண்டைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார்கள். ஒரு கோழி உள்ளே போன கையோடு முட்டையிட்டது. பாலத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா, உங்க காரை அதுக்குப் பிடிச்சிருக்கு," என்று சிரித்துவிட்டு, டெல்ஃபீன் காரோடு நடப்பதற்காகப் பாவாடையின் தூசியைத் தட்டினாள்.

வாரன் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"முன்சீட்டுல ஏறிக்கிறீங்களா, டெல்ஃபீன்? இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கேக்கல. ஒஹாயோவுக்குப் போகாதீங்க. என்னோட இருந்துடுங்க."