பீப்பாய்த் தண்ணீர்

வெள்ளவத்தை ரயில் பாதையோரம் இருந்த நபீஸின் நாற்றுமேடையில் வேலைக்கு இரண்டு பேர்; மழைக்குப் பிறகு ஒருவர் போதும். பின்னால் ஒரே ஓர் அறை. அதில் பழனியம்மா இருந்தாள். திலக்ஷனின் பிள்ளைத்தாச்சி மனைவி கொட்டாஞ்சேனையில் தன் தமையன் வீட்டு விறாந்தையில் படுத்துவந்தாள்.

நபீஸ் மருதங்கன்றுகளை இரண்டு வரிசையாக்கி, ஒன்றின் மண்ணில் மட்டும் கறுப்புத் தூளைக் கலந்தார்.

"இது மருந்தில்ல, உசிருள்ள கிருமி. வேரோட ஒட்டி சாப்பாடு இழுத்துக் குடுக்கும். பழனியம்மா, இது ஒனக்கு. திலக்ஷனுக்கு சும்மா மண். யார்ட கன்டு மழைக்கு முந்தி எழும்புதோ, அவருக்குத்தான் வேலையும் ரூமும்."

"நல்ல பந்தயம், முதலாளி," என்றான் திலக்ஷன்.

"ஒன்ட கையில சத்து இரிக்கி தானே? காட்டு."

மறுநாள் பழனியம்மா சந்தைக்குப் போயிருந்தாள். "குளோரின் பட்டா அந்தக் கிருமி செத்துரும். அவள்ட்ட சொல்லு," என்றார் நபீஸ். திலக்ஷன் தலையாட்டினான். சொல்லவில்லை.

அடுத்த வாரம் டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் பீப்பாயில் டோர்ச் அடித்தார். நுளம்புப் புழு நெளிந்தது. "ஹெட்ட எனவா," நாளை வருவேன் என்று சிங்களத்தில் அதட்டிவிட்டுப் போனார். நாளைக்கும் புழு இருந்தால் வழக்குத்தான்.

பழனியம்மா பிளீச்சிங் பவுடரை எடுத்துவந்தாள்.

"தம்பி, கன்னுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"உங்கட தேயிலைத் தோட்டத்துத் தொட்டியில போடுறதுதானே அக்கா. உங்களுக்குத் தெரியாததோ?"

அள்ளிப் போட்டாள். புழு செத்தது. அந்தத் தண்ணீரையே தன் வரிசைக்கு ஊற்றினாள். திலக்ஷன் தன் வரிசைக்குக் கிணற்றில் இறைத்தான்.

"பீப்பா நெறைய இருக்கையில கெணத்துல என்னடா வேண்டுதல்?"

"உடம்புக்கு நல்லது அக்கா."

மழைக்கு முன் அவளுடைய கன்றுகள் நுனி கருகி நின்றன. நபீஸ் ஒன்றைப் பிடுங்கினார். வேர் அழுகியிருந்தது. பீப்பாயை முகர்ந்தார்.

"டேய், அவள்ட்ட சொன்னியா?"

"சொன்னனான் முதலாளி."

பழனியம்மா அவனைப் பார்த்தாள். அவன் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சொல்லல மொதலாளி! எம் மக மேல சத்தியம்!"

"மகளும் செத்துப் போகப்போறாளா? அந்தியாகுமுந்தி ரூம காலி பண்ணு."

அவள் பையைத் திலக்ஷனே காலி நகருக்குப் போகும் வீதி வரை தூக்கிப் போனான். பஸ் வரும்வரை அவள் அவனைக் கெட்ட வார்த்தையில் ஏசினாள். "ஓம் அக்கா, ஓம்," என்று நின்றான். திரும்பி வந்து, மிச்சப் பவுடரைக் கரைத்து, அறையில் அவள் படுத்த இடத்தைத் தேய்த்துக் கழுவினான். அது காய்வதற்குள் மனைவிக்குப் போன் எடுத்தான்.